ஜப்பான்மேல் கேஸ் போடலாமா? சயாமுக்குப் போன தாத்தா விஷயமாக

#1 லயத்துப்பேத்தி, பத்தாங் காலி

வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

போன ஞாயிறு எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். வெளியூரிலிருந்து இரண்டு பேர் மடிக்கணினியோடு வந்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் வாரிசுகள் சேர்ந்து ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றத்தில் ஜப்பான்மேல் வழக்குப் போடப்போகிறார்களாம். ஆளுக்கு 180 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, ஐசி (அடையாள அட்டை) காப்பி இணைத்து, பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் நம் பெயரையும் சேர்த்துக்கொள்வார்களாம். "கொரியாக்காரன் ஜெயித்துவிட்டான், நீங்கள் இன்னும் தூங்குகிறீர்கள்" என்று ஒரு காணொளியும் ஓடியது. ரசீது கேட்டேன். பிறகு வரும் என்றார்கள்.

என் அத்தைக்கு 84 வயது. அவருக்கு இரண்டு வயது இருக்கும்போது, 1943-ல், தாத்தாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் அப்பா அப்போது பாட்டி வயிற்றில். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்று சொன்னார்களாம். பாட்டி சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். முன்பணமாகக் கொடுத்த, ஜப்பான்காரன் அச்சடித்த பத்து வெள்ளி வாழைமர நோட்டு இரண்டு இன்னும் அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, பிளாஸ்டிக் உறையில், கற்பூரத்தோடு. நோட்டில் வரிசை எண்கூடக் கிடையாது. இரண்டு எழுத்து மட்டும்.

அத்தை 180 வெள்ளியை எடுத்து முந்தானையில் முடிந்து வைத்துவிட்டார். வரும் ஞாயிறு அவர்கள் மறுபடி வருகிறார்கள். கட்டலாமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 லோரிக்காரன், ரவாங்

கட்ட வேண்டாம் அக்கா. ரசீது தராதவன் ஹேக்குக்கு எங்கே போகப்போகிறான், கெந்திங் மலைச் சூதாட்டக் கூடத்துக்குத்தான் போவான்.

2007-ல் லண்டனில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின்மேல் ஹிண்ட்ராஃப் என்ற மலேசிய இந்தியர் உரிமை இயக்கம் வழக்கு போட்டபோது தலைக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர், மொத்தம் நான்கு டிரில்லியன் என்று கேட்டார்கள். நவம்பர் 25 ஊர்வலத்துக்கு நானும் போனேன். கண்ணீர்ப்புகையில் ஒரு செருப்பு போயிற்று. போனதற்கு இன்றுவரை வருத்தமில்லை, அது வேறு கணக்கு. ஆனால் கோர்ட்டிலிருந்து ஒரு காசு வரவில்லை என்பதையும் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

#3 சட்டப்புழு, ஷா ஆலம்

லோரிக்காரர் அண்ணன் முடிவைச் சொல்லிவிட்டார், நான் காரணத்தைச் சொல்கிறேன். இருபது வருடம் கோர்ட்டில் நின்றுவிட்டு இப்போது பாடம் நடத்துகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹேக் கதை முதலில். அனைத்துலக நீதிமன்றத்தில் நாட்டின்மேல் நாடுதான் வழக்குப் போட முடியும். அதன் சாசனத்தில் 34-ஆம் விதியே அதுதான். அத்தையோ நானோ ஆயிரம் வாரிசுகள் சேர்ந்த சங்கமோ அந்த வாசற்படி ஏற முடியாது. அதே ஊரில் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் என்று இன்னொன்று உண்டு. அது 2002 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றங்களைத்தான் பார்க்கும். மலேசியா அதில் உறுப்பினரும் இல்லை. 2019 மார்ச்சில் சேருவதாகப் பத்திரம் கொடுத்தோம், ஏப்ரலில் திரும்ப வாங்கிக்கொண்டோம். ஆகவே அந்த இரண்டு பேர் சொன்னது பொய், அல்லது அவர்களுக்கே தெரியாது. எப்படியானாலும் 180 வெள்ளி பத்திரம்.

தாத்தாவுக்கு நடந்தது அந்தக் காலத்துச் சட்டப்படியே குற்றம்தானா? குற்றம்தான். கட்டாய உழைப்புக்கு எதிரான அனைத்துலகத் தொழிலாளர் ஒப்பந்தம் 1930-ல் வந்தது. ஜப்பான் அதை 1932-ல் ஏற்றுக்கொண்டது. அதாவது லோரி வந்து நின்ற நாளுக்குப் பதினோரு வருடம் முன்பே.

அப்புறம் ஏன் யாரும் கேட்கவில்லை? கேட்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 1951 செப்டம்பர் 8, சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம். அதில் 14-ஆம் விதியின் 'பி' பிரிவில், நேச நாடுகள் தங்கள் கோரிக்கைகளையும் தங்கள் குடிமக்களின் கோரிக்கைகளையும் சேர்த்தே கைவிடுகின்றன. மலாயா அப்போது தனிநாடு இல்லை, பிரிட்டன் நமக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்து அது. அடுத்து 1967 செப்டம்பர் 21, கோலாலம்பூர். மலேசியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்தன. போரில் நடந்த துயரச் சம்பவங்களால் எழுந்த எல்லா விவகாரமும் முழுமையாக, இறுதியாகத் தீர்ந்துவிட்டது என்று நம் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஈடாக வந்தது இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்புள்ள இரண்டு சரக்குக் கப்பல்கள்.

#4 தஞ்சாவூர்க்காரி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பியும் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போய், சயாமில் இறந்துபோனவர்தான். 1943-ல் இவர்களெல்லாம் இந்தியாவில் பிறந்தவர்கள் ஆயிற்றே? இந்தியா சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கே போகவில்லை என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் இந்தியா வழியாக ஒரு கதவு திறந்திருக்க வேண்டுமே?

#5 சட்டப்புழு, ஷா ஆலம்

நல்ல கேள்வி அம்மா, என் மாணவர்கள்கூட இதைக் கேட்டதில்லை. இந்தியா அங்கே போகவில்லை, உண்மை. ஆனால் 1952 ஜூன் 9 அன்று டோக்கியோவில் தனியாக ஒப்பந்தம் போட்டது. அதன் ஆறாம் விதியில் இழப்பீடு வேண்டாம் என்றது. இந்தியக் குடிமக்களின் கோரிக்கைகளையும் சேர்த்தே கைவிட்டது. அந்த நேரத்தில் அதைப் பெருந்தன்மை என்றார்கள்.

ஆக ஒரே ஆளுக்காக மூன்று தலைநகரங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. லண்டன், டெல்லி, கோலாலம்பூர். சாகிறபோது அவர் எந்த நாட்டுக்காரர் என்று யாரும் கேட்கவில்லை, விட்டுக்கொடுக்கும்போது மட்டும் மூன்று பேருக்கும் சொந்தமாகிவிட்டார்.

#6 கிராணி மகன், தஞ்சோங் மாலிம்

எனக்கு 76 வயது. தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

என் அப்பா உலு சிலாங்கூரில் ஒரு தோட்டத்துக் கிராணி (கணக்கர்). துரைமார்கள் ஓடியும் பிடிபட்டும் போனபிறகு ஜப்பான்காரன் காலத்தில் ஆபீஸை ஓட்டியது கிராணிமார்தான். மேலேயிருந்து தலைக்கணக்கு வரும், இந்தத் தோட்டம் இத்தனை ஆள் என்று. முதல் தடவை ஆசை காட்டினார்கள், ஆள் தானாகவே வந்தது. பால் வெட்டு நின்றுபோய் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தவர்களுக்கு நாள் கூலி ஒரு வெள்ளி என்றால் பெரிய காசு. இரண்டாம் தடவை கட்டை பிரம்மச்சாரிகளைப் பிடித்தார்கள். மூன்றாம் தடவை யார் கிடைத்தாலும் சரி. பக்கத்துத் தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, படம் பாதியில் லோரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்களாம்.

அப்பா அனுப்பிய தாளில் பெயர் எழுதச் சொல்லவில்லை. எண்ணிக்கை மட்டும். "முப்பது" என்று எழுதினால் முப்பது உருப்படி ஏற வேண்டும், அவ்வளவுதான். பெயர் இருந்தது தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில். போனவனின் வரிசையில் சிவப்பு மையால் "சயாம்" என்று எழுதி ஒரு கோடு. திரும்பி வந்திருந்தால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. எத்தனை வரிசையில் தேதி இருந்தது என்று நான் சின்ன வயதில் எண்ணிப் பார்த்தேன், ஒரு கை விரல் போதும்.

இதையெல்லாம் அப்பா எங்களிடம் சொன்னது சாவதற்கு முந்தின வருடம்தான். ஏன் என்று கேட்காதீர்கள். தாளை அனுப்பியது அவர் கை.

#7 தெம்பனீஸ்காரன், சிங்கப்பூர்

1967 பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. சிங்கப்பூருக்கு ஐந்து கோடி வெள்ளி, பாதி மானியம், பாதி கடன். இங்கே அதைக் கேட்க வைத்தது சீன வணிகர் சங்கத்தின் பிடிவாதம். கிழக்குப் பகுதியில் தோண்டத் தோண்ட, ஜப்பான் படை கொன்ற சீனர்களின் எலும்புகள் கிடைத்தபிறகு "இரத்தக் கடன்" என்று ஊரைக் கூட்டினார்கள். பீச் ரோட்டு நினைவுத்தூணும் அதே வருடம்தான் திறந்தார்கள். நம் ஆட்கள் பக்கம் யார் கூட்டம் கூட்டினார்கள்? அவர்களின் எலும்பு தாய்லாந்தில், அந்த ரயில் பாதையோரக் காஞ்சனபுரியில் கிடந்தது. பத்தாங் காலியில் தோண்டினால் வராது.

#8 லயத்துப்பேத்தி, பத்தாங் காலி

சட்டப்புழு ஐயா, அத்தைக்கு உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். கப்பல் விஷயம் கேட்டதும், "கப்பலா? அதில் நமக்கு எந்தப் பலகை?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். கொரியாவும் இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்குமே? அவர்கள் மட்டும் எப்படி ஜெயித்தார்கள்? காணொளி பொய்யா?

#9 சட்டப்புழு, ஷா ஆலம்

பொய் இல்லை தங்கச்சி, பாதி உண்மை. அதுதான் ஆபத்து.

கொரியாவும் 1965-ல் கையெழுத்துப் போட்டது. 30 கோடி டாலர் மானியம், 20 கோடி கடன், எல்லாம் தீர்ந்தது என்று. ஆனால் 2018 அக்டோபர் 30 அன்று கொரிய உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி படித்தது. 1965 ஒப்பந்தம் கொடுக்கல் வாங்கல் கணக்கைத்தான் தீர்த்தது, ஜப்பானின் ஆட்சியே சட்டவிரோதம், அந்தச் சட்டவிரோத ஆட்சியோடு சேர்ந்த கொடுமைக்கான மனவேதனைப் பணம் அந்தக் கணக்கில் அடங்காது என்றது. ஜப்பானின் பெரிய எஃகு நிறுவனம் ஒன்று நான்கு பேருக்குத் தலா பத்து கோடி வோன் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. தீர்ப்பு நாளில் அந்த நால்வரில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார்.

அப்புறம் நடந்தது காணொளியில் வராது. ஜப்பான் அரசாங்கம் கொதித்தது. 2019-ல் ஏற்றுமதிச் சலுகைப் பட்டியலிலிருந்து கொரியாவைத் தூக்கியது. 2023-ல் கொரிய அரசாங்கமே ஓர் அறக்கட்டளை மூலம், கொரிய நிறுவனத்தின் நன்கொடையை வைத்து, அந்தப் பணத்தைக் கொடுக்க முன்வந்தது. ஜெயித்தவர்களுக்குத் தங்கள் ஊர்க்காசே கிடைத்தது. சிலர் வாங்க மறுத்தார்கள்.

இதே மாதிரி வாதம் ஜப்பானிலேயே தோற்றது. 2007 ஏப்ரல் 27 அன்று, சீனக் கட்டாயத் தொழிலாளர்கள் ஒரு கட்டுமான நிறுவனத்தின்மேல் போட்ட வழக்கில் டோக்கியோ உச்ச நீதிமன்றம் சொன்னது நுணுக்கமானது. உரிமை செத்துவிடவில்லை, ஆனால் அதைக் கோர்ட்டில் கேட்கும் சக்தி போய்விட்டது, நிறுவனம் தானாக மனமிரங்கிக் கொடுத்தால் கொடுக்கலாம் என்றது. அந்த நிறுவனம் 2009-ல் கொடுக்கவும் செய்தது.

ஜப்பான் அரசாங்கமே ஒரு காலத்தில் என்ன சொன்னது தெரியுமா? ஒப்பந்தத்தில் நாடு விட்டுக்கொடுப்பது, குடிமகனுக்காக வாதாடும் தன் உரிமையைத்தான், குடிமகனின் சொந்த உரிமை அழிவதில்லை என்றது. சைபீரியாவில் சிறை கிடந்த ஜப்பானியர்கள் தங்கள் அரசாங்கத்திடமே நஷ்டஈடு கேட்டபோது சொன்ன வாதம் அது. சொந்த மக்களுக்குப் பணம் கொடுக்காமல் இருக்கச் செய்த வாதம், பின்னால் அந்நியர்கள் கையில் ஆயுதமாயிற்று. பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் கடைசி பெஞ்சும் விழித்துக்கொள்ளும்.

சரி, நமக்கு வருவோம். கொரியாக்காரர்களுக்கு வழக்குப் போட ஒரு நிறுவனம் இருந்தது, அதற்குக் கொரியாவில் சொத்தும் இருந்தது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை அந்த 415 கிலோமீட்டரைப் போட்டது ஜப்பானிய ராணுவத்தின் ஐந்தாவது, ஒன்பதாவது ரயில்வே ரெஜிமெண்டுகள். ராணுவம் என்றால் அரசாங்கம். அரசாங்கம் என்றால் வேறு நாட்டுக் கோர்ட்டில் அதற்கு விலக்கு உண்டு. 2012 பிப்ரவரியில் ஜெர்மனி–இத்தாலி வழக்கில் ஹேக் நீதிமன்றம் அதைத்தான் உறுதி செய்தது. நாஜிப் படை செய்த கொடுமைக்கு இத்தாலியக் கோர்ட்டுகள் ஜெர்மனியை விசாரித்தது தவறு என்று 12 நீதிபதிகள் சொன்னார்கள், 3 பேர் மறுத்தார்கள். சியோல் கோர்ட் 2021-லும் 2023-லும் இந்த விலக்கைத் தூக்கி எறிந்து, ஜப்பானே பணம் கட்ட வேண்டும் என்றது. ஜப்பான் அந்தக் கோர்ட்டுக்கு வரவே இல்லை.

மலேசியக் கோர்ட்டில் போட்டால்? 1953 காலவரம்புச் சட்டப்படி இப்படிப்பட்ட கோரிக்கைக்கு ஆறு வருடம். நாம் எழுபது வருடத்துக்கும் மேல் தாமதம்.

#10 லோரிக்காரன், ரவாங்

அப்படியானால் வெள்ளைக்காரன்மேல் போடலாமே? கப்பலில் ஏற்றி வந்தவன் அவன். ஜப்பான்காரன் வந்ததும் விட்டுவிட்டு ஓடியவன் அவன். நமக்காக 1951-ல் கையெழுத்துப் போட்டவனும் அவன்.

#11 உலுயாம்வாசி

அண்ணே, அந்தக் கதை நம் ஊரிலேயே நடந்து முடிந்துவிட்டது. பத்தாங் காலி என்று இணையத்தில் தேடினால் முதலில் 2022 நிலச்சரிவுதான் வரும். இன்னும் கீழே போனால் 1948 வரும்.

1948 டிசம்பர், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் தொடங்கி ஆறு மாதம். பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவு ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து ஆண்களைத் தனியாகப் பிரித்து வைத்தது. மறுநாள் காலைக்குள் 24 பேர் செத்தார்கள். எல்லாரும் சீனர்கள், ஆயுதம் இல்லாதவர்கள். தப்பி ஓடும்போது சுட்டோம் என்றது அரசாங்கம். 1970-ல் அந்தச் சிப்பாய்களில் சிலரே பத்திரிகையில் உண்மையைச் சொன்னார்கள். போலீஸ் விசாரணை தொடங்கியது, லண்டனில் ஆட்சி மாறியதும் நின்றது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த சீனப் பாட்டி ஒருவர், மழைக்காலம் வந்தால் அந்த இடத்தைப் பற்றிப் பேசுவார். மலாய் கலந்து, கொஞ்சம் தமிழும் கலந்து. தோட்டத்தில் வளர்ந்தவர்.

வாரிசுகள் லண்டன் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். பணம்கூட இல்லை, ஒரு பொது விசாரணை வை என்றுதான் கேட்டார்கள். 2015 நவம்பர் 25 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார்கள். நவம்பர் 25, லோரிக்காரர் அண்ணனுக்கு அந்தத் தேதி ராசி சரியில்லை போல.

#12 சட்டப்புழு, ஷா ஆலம்

உலுயாம்வாசி சொன்னதற்குக் காரணம் சேர்க்கிறேன். ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் வருமுன் நடந்த கொலை அது. பழைய சாவுக்கு விசாரணை கேட்பதென்றால் சாவுக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளுக்கும் இடையே பத்து வருடத்துக்குமேல் இருக்கக் கூடாது என்று ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கோடு கிழித்திருந்தது. போலந்து அதிகாரிகளைச் சோவியத் சுட்டுப் புதைத்த கட்டின் வழக்கில் வந்த கோடு. லண்டன் நீதிபதிகள் கணக்கைத் தொடங்கியது ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1953-லிருந்து இல்லை, தனிமனிதர் புகார் கொடுக்கலாம் என்று பிரிட்டன் ஒப்புக்கொண்ட 1966-லிருந்து. 1948-லிருந்து 1953 ஐந்து வருடம், 1966 பதினெட்டு வருடம். தொடக்கப் புள்ளியை எங்கே ஊன்றுகிறோம் என்பதில் 24 பேரும் விழுந்தார்கள். எதிர்த்து எழுதியது நீதிபதி லேடி ஹேல் ஒருவர்தான். 2018-ல் ஸ்ட்ராஸ்பர்க்கும் கதவைச் சாத்தியது.

ஆனால் வேறு இடத்தில் கதவு திறந்திருக்கிறது. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சியின்போது முகாமில் சித்திரவதைப்பட்டவர்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். காலனி ஆட்சியின் ரகசியக் கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பதுக்கி வைத்திருந்தது வழக்கு நடக்கும்போது வெளியே வந்தது. 2013-ல் பிரிட்டன் 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு கொடுத்து, வருத்தமும் தெரிவித்தது. அதைப் பார்த்து நாற்பதாயிரம் பேர் அடுத்த வழக்கைப் போட்டார்கள். 2018-ல் காலவரம்பில் அது விழுந்தது.

நெதர்லாந்து இன்னும் சுவாரசியம். 1947-ல் மேற்கு ஜாவாவின் ரவாகெடே கிராமத்தில் டச்சுப் படை ஆண்களை வரிசையாக நிற்க வைத்துச் சுட்டது. 2011-ல் ஹேக் மாவட்ட நீதிமன்றம், அந்த விதவைகளிடம் போய் அரசாங்கம் "நேரம் கடந்துவிட்டது" என்று சொல்வது நியாயத்துக்கே ஒவ்வாது என்றது. அதே காலவரம்புச் சட்டம்தான், அதைப் பார்த்த கண் வேறு. 2020-ல் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் தலா 5,000 யூரோ என்று டச்சு அரசாங்கம் அறிவித்தது. நிபந்தனை ஒன்று: இன்னார் என் அப்பா, இன்ன இடத்தில் கொன்றார்கள் என்று தாளில் காட்ட வேண்டும்.

#13 லோரிக்காரன், ரவாங்

அதாவது, கிழவி உயிரோடு இருக்கணும், தாளும் உயிரோடு இருக்கணும். நமக்குக் கிழவி இருக்கிறார்.

#14 கிராணி மகன், தஞ்சோங் மாலிம்

தாள் பற்றி ஒன்று சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு கடைசியில் பிரிட்டிஷ் அரசாங்கம், ஜப்பானிடம் கைதியாக இருந்து உயிரோடு மிஞ்சியவர்களுக்குத் தலா 10,000 பவுண்டு கொடுப்பதாக அறிவித்தது. அப்பா அப்போது இருந்தார். ரேடியோவில் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு, "நம் ஆட்களுக்கு உண்டா?" என்றார். விசாரித்தேன். போர்க்கைதி, முகாமில் அடைபட்ட குடிமகன், இப்படிப்பட்ட வகைகள்தான். கூலி என்ற வகையே பட்டியலில் இல்லை. கூர்காக்களையே முதலில் சேர்க்கவில்லை, அவர்கள் 2002-ல் கோர்ட்டுக்குப் போய் இனப்பாகுபாடு என்று நிரூபித்து வாங்கினார்கள்.

1951 ஒப்பந்தத்திலும் அதே கதைதான். 16-ஆம் விதியைப் படித்துப் பார்த்தேன். நடுநிலை நாடுகளிலும் ஜப்பானோடு சேர்ந்திருந்த நாடுகளிலும் கிடந்த ஜப்பானியச் சொத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுத்து, கைதியாகத் துன்பப்பட்ட நேச நாட்டுப் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பிரிக்க வேண்டும் என்கிறது. படைவீரர் மட்டும். ஒரே பாதையில் ஒரே வாந்திபேதியில் செத்தவர்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் இடுகாட்டுக்கு 2009-ல் போயிருந்தேன். ஏறக்குறைய ஏழாயிரம் கல், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு. புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் எங்கே என்று கேட்டேன். டாக்சிக்காரர் ஒரு புத்தர் கோயிலைக் காட்டினார்.

#15 சட்டப்புழு, ஷா ஆலம்

ஐயா சொன்னதுதான் இந்த வழக்கின் முடிச்சு. கைதிகளில் 12,000 பேருக்குமேல் செத்தார்கள், அதைப் பெயர் பெயராகச் சொல்ல முடிகிறது. ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது மதிப்பீடு. தமிழர்கள் பாதியா, மூன்றில் ஒன்றா என்றால் ஆளுக்கு ஒரு கணக்கு.

ஜெர்மனியைப் பாருங்கள். 2000-ல் அரசாங்கமும் நிறுவனங்களும் பாதிப் பாதி போட்டு ஆயிரம் கோடி மார்க்கில் ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். 2007 வரைக்கும் ஏறக்குறைய 16.6 லட்சம் கட்டாயத் தொழிலாளர்களுக்குப் பணம் போயிற்று. கோர்ட் கொடுத்த பணம் இல்லை அது. அமெரிக்கக் கோர்ட்டுகளில் வழக்கு குவிந்ததும் வியாபாரம் கெடுமே என்ற பயத்தில் பேரம் படிந்த பணம். ஆனால் யார் யாருக்கு என்று எப்படித் தெரிந்தது? பாட் அரோல்சன் என்ற சிற்றூரில் கோடிக்கணக்கான அட்டைகள், முகாம் வாரியாக, பெயர் வாரியாக. நாஜிகளின் கணக்கு எழுதும் வெறி அறுபது வருடம் கழித்து அடிமைப்பட்டவனுக்கே சாட்சி சொன்னது.

அங்கேயும் வாரிசுகளுக்கு எல்லை உண்டு. 1999 பிப்ரவரி 16 வரை உயிரோடு இருந்தவரின் குடும்பத்துக்கு மட்டும்தான். 1943-ல் செத்தவரின் மகளுக்கு அதே ஜெர்மன் திட்டத்திலும் கிடைத்திருக்காது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

#16 லோரிக்காரன், ரவாங்

ஒரு விஷயம் உறுத்துகிறது, திட்டினாலும் பரவாயில்லை. நான் ஏற்றுவது செம்பனைக் குலை (பாமாயில் எடுப்பது). தோட்டத்தில் இப்போது வெட்டுகிறவன் வங்காளதேசி, இந்தோனேசியக்காரன். ஏஜென்டுக்கு ஊரில் நிலத்தை விற்றுக் கட்டிவிட்டு வருகிறான். பாஸ்போர்ட் ஆபீஸ் பெட்டியில். நம் தாத்தாவுக்காகக் கேட்கிற வாய், லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) இன்றைக்கு இருக்கிறவனுக்காகக் கேட்டதா?

#17 சட்டப்புழு, ஷா ஆலம்

திட்டமாட்டேன். சட்டம் ஒன்றேதான், அதே 1930 ஒப்பந்தம். மலேசியா 1957-லேயே ஏற்றுக்கொண்டது, அதன் புதிய நெறிமுறையை 2022-ல் ஏற்றது. ஆனால் தோட்டங்களை அசைத்தது அது இல்லை. 2020-ல் கட்டாய உழைப்பு என்று சொல்லி நம் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை துறைமுகத்தில் நிறுத்தியது. அவற்றில் ஒன்று தொழிலாளர்கள் ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, 2023-ல் தடை நீங்கியது. ஐரோப்பாவிலும் 2027 கடைசியிலிருந்து கட்டாய உழைப்பில் வந்த பொருளை விற்க முடியாது. ஒப்பந்தம் தொண்ணூறு வருடம் தூங்கியது, சரக்கு நின்றதும் எழுந்தது. அந்த வங்காளதேசித் தம்பிக்குப் பணம் திரும்பப் போக முடிந்ததற்குக் காரணம், அவன் பெயர் சம்பளச் சிட்டையில் இருந்தது.

#18 நெறியாளர்

செம்பனை விவகாரத்துக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். இங்கே அத்தையின் ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை.

#19 லயத்துப்பேத்தி, பத்தாங் காலி

நேற்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹேக் இல்லை, கொரியா இல்லை, ஜெர்மனியும் இல்லை. பாதி கேட்டார், பாதி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "காசு கெடக்குது. அவர் பேரு எங்கயாவது எழுதியிருக்கா?" என்றார்.

கிராணி மகன் ஐயா, அந்தச் செக்ரோல் எங்கே?

#20 கிராணி மகன், தஞ்சோங் மாலிம்

தோட்டம் மூன்று தடவை கைமாறியது. கடைசி முறை ஆபீஸை இடித்தபோது புத்தகங்களை லோரியில் அள்ளிக்கொண்டு போனார்களாம். என்னிடம் இருப்பது அப்பாவின் சொந்த நோட்டுப் புத்தகம். 1943 பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. 1946-ல் அரிசிப் பங்கீட்டுக்காக எழுதிய விதவைகள் பட்டியல் நன்றாக இருக்கிறது. நாற்பத்தொரு பெண்கள், பக்கத்தில் புருஷன் பெயர், பிள்ளைகள் எண்ணிக்கை. சில பெயருக்கு நேராக "ச" என்று ஒரு எழுத்து. அது சயாம்தான்.

உங்கள் பாட்டி எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒரே ஆளை அப்பா ஓரிடத்தில் முத்தன் என்றும் இன்னோரிடத்தில் முத்தையா என்றும் எழுதியிருப்பார், அதனால் பெயர் மட்டும் போதாது.

#21 சட்டப்புழு, ஷா ஆலம்

ஐயா, அந்தப் பக்கங்களைத் தொடாமல் முதலில் படம் எடுங்கள், அளவுகோல் ஒன்றை ஓரத்தில் வைத்து. அத்தை பேசுவதைப் பதிவு செய்து, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் ஒரு வாக்குமூலமாகவும் எழுதி வாங்கிவிடுங்கள். அதற்குச் சில வெள்ளிதான் ஆகும். எந்தக் கோர்ட்டுக்கும் இப்போது போகாது. டச்சுக்காரன் 2020-ல் கேட்ட மாதிரி என்றைக்காவது யாராவது கேட்டால் கையில் இருக்கும்.

#22 லயத்துப்பேத்தி, பத்தாங் காலி

ஞாயிறு கதை. அந்த இரண்டு பேர் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. முதல் வாரமே கட்டிவிட்டவர்கள் ஆறு பேர், இன்று போலீஸ் புகார் கொடுக்கப் போகிறார்கள்.

மண்டபத்தில் பதினோரு பேர் காத்திருந்தோம். வந்ததுக்குச் சும்மா போவானேன் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி, யார் வீட்டிலிருந்து யார் போனார்கள் என்று எழுத ஆரம்பித்தோம். பெயர், அப்பா பெயர், தோட்டம், லயம், போன வருடம், பார்த்தவர் யார். பட்டியலில் 23 பேர் வந்தார்கள். இரண்டு பேருக்குப் பெயர் தெரியவில்லை, "தபலா வாசிப்பவர்", "சமையல்காரி மகன்" என்று எழுதியிருக்கிறோம். கிராணி மகன் ஐயாவின் படங்களோடு ஒப்பிட்டதில் ஐந்து பெயர் ஒத்துப்போகிறது. பாட்டி 17-ஆம் வரிசையில் இருக்கிறார், பக்கத்தில் "ச". தாத்தா பெயரில் ஓர் எழுத்து தப்பு, அத்தை விடவில்லை, பென்சிலால் திருத்தச் சொன்னார். மூலத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லி நம் நோட்டில் மட்டும் சரியாக எழுதினோம்.

டீக்கும் வடைக்கும் 22 வெள்ளி ஆயிற்று. முந்தானை முடிச்சை அவிழ்த்து அத்தைதான் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு உலு யாம் லாமாவில் 97 வயதுப் பாட்டி ஒருவரைப் பார்க்கப் போகிறோம். காது மந்தம், காலையில்தான் நன்றாகப் பேசுவாராம். பதிவு செய்யப் போனில் இடம் அதிகம் உள்ளவர்கள் யாராவது கூட வாருங்கள், என்னுடையது முழுக்க நிறைந்துவிட்டது.